மலைநாட்டு அரையாடையும் நம் வேட்டியும்

பர்கூர் என்றதும் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது துணி. ஈரோடு மாவட்டத்து மலைப் பர்கூரை நாம் இங்குக் குறிக்கவில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்குச் சற்றுக் கிழக்கே அமைந்துள்ள பர்கூரையே குறிக்கிறோம். வரிசை வரிசையாய்த் துணிக்கடைகள் நிறைந்த இவ்வூருக்கு, கல்யாணத் துணி எடுக்கத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் கருநாடக, ஆந்திர எல்லைப் பகுதிகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். மணமகளுக்குப் பட்டுப்புடவையும் மணமகனுக்குப் பட்டு வேட்டியும் எடுக்கப்படுகின்றன.

வேட்டி எடுக்க வரும் ஆடவரை உற்று நோக்கினால் ஒன்று விளங்கும். அவர்களுள் பெரும்பாலோர் கால்சட்டை அணிந்தே வருகின்றனர். வாங்கிய வேட்டியை முகூர்த்தத்தன்று உடுத்துவர். பின்னர் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ எடுப்பர். வேலைக்குக் கால்சட்டை, விழாவுக்கு வேட்டி, இரவில் வீட்டுத் திண்ணையில் கட்டம் போட்ட கைலி. இப்படி ஒரே மனிதனுக்கு மூன்று ஆடைகள். இவற்றுள் எது அவனுடைய ஆடை? இக்கேள்விக்கு விடை தேடும்போது, கடல் கடந்த ஒரு சிறிய மலைநாட்டின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது. ஸ்காட்லாந்து மலைவாழ் மக்களின் 'கில்ட்' என்னும் அரையாடையின் வரலாறே அது. அம்மக்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். ஒரு காலத்தில் அவர்கள் பர்கூரின் பக்கத்திலேயே வந்து நின்றவர்கள்.

கிருஷ்ணகிரி, பர்கூர் அருகே உள்ள ஜெகதேவி முதலிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பு அன்று பாராமகால் எனப்பட்டது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட இந்நிலத்துக்காக ஆங்கிலேயர் மைசூர்ப் போர்களில் பெரும்பாடு பட்டனர். 1791ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் கர்னல் மாக்ஸ்வெல்லின் தலைமையில் ஒரு படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. அடிவாரத்துப் பேட்டை வீழ்ந்தது, மேற்கோட்டை வீழவில்லை. மேலிருந்து உருட்டப்பட்ட பாறைகளுக்கும் குண்டுமழைக்கும் முன்னே படை பின்வாங்கிற்று. அப்படையில் 74ஆம் ஹைலண்டர் பிரிவைச் சேர்ந்த மலைநாட்டு வீரர்களும் இருந்தனர். போரில் எடுக்க முடியாத கோட்டையை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலேயருக்குப் பெற்றுத் தந்தது.

இந்த 74ஆம் பிரிவு இந்தியப் பணிக்கென்றே 1787இல் திரட்டப்பட்டது. அதற்குரியவர் அப்போது சென்னையின் ஆளுநராயிருந்த சர் ஆர்ச்சிபால்டு காம்பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். திரட்டப்பட்ட வீரர்கள் கில்ட் உடுத்தியவர்கள். ஆனால் நம் நாட்டு வெயிலுக்கு அவ்வுடை ஒவ்வாது என்று அது பின்னர் கைவிடப்பட்டது. இதைக் கேட்கும் தமிழர் வியப்படையலாம். இடையில் துணி சுற்றிக் கட்டுவது வெயில் நாட்டுக்கு ஒவ்வாதா? நாம் நூற்றாண்டுகளாகச் செய்து வருவது அதுதானே! வேறுபாடு கட்டும் முறையில் இல்லை, துணியில் இருக்கிறது. நம்முடையது பருத்தி: நாலு முழம், மிஞ்சினால் எட்டு முழம். அவர்களுடையது கம்பளி. இன்றைய முழு அளவுக் கில்ட்டுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கம்பளித் துணி தேவை. அதனைப் பின்புறம் அடுக்கடுக்காய் மடித்துத் தைக்கின்றனர். குளிர் மலையில் அது காவல்; கிருஷ்ணகிரிப் பாறையின் அடியில் அது சுமை.

தொடக்கத்தில் அவ்வாடை தைக்கப்பட்டதாகவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் மலைநாட்டார் உடுத்தியது ஒரு நீண்ட போர்வையே. அதைத் தரையில் விரித்து, நடுவில் கொசுவம் போல் மடிப்புகள் வைத்து, அதன்மேல் படுத்து, இடையில் வாரால் இறுக்கிக்கொண்டு எழுவர். கீழ்ப்பாதி முழங்கால் வரை ஆடையாயிற்று. மேற்பாதி தோளில் மேலாடையாயிற்று. மழையில் அதுவே முக்காடு. இரவில் அவிழ்த்தால் அதுவே படுக்கையும் போர்வையும். மாடு மேய்ப்பவனுக்கும் மலையேறுபவனுக்கும் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தோளில் கம்பளியும் இடையில் வேட்டியுமாக ஆட்டு மந்தையோடு நடந்த நம் பக்கத்து இடையர்களை அறிந்தவர்க்கு இவ்வாடையின் பொருத்தம் எளிதில் விளங்கும். ஏழையின் ஆடை எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்வது.

இந்தப் பெரிய போர்வையின் கீழ்ப்பாதியை மட்டும் தனியே பிரித்து உடுத்தும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. அதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1720களின் இறுதியில் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் கிளென்கரி பள்ளத்தாக்கின் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து இரும்பு உருக்கும் உலை அமைத்தார். மரம் வெட்டவும் உலையில் வேலை செய்யவும் நீண்ட போர்வை இடையூறாயிருந்ததால், அதைச் சுருக்கி அரையாடையாக்கும் யோசனையைச் சொன்னவர் அவரே என்று 1785இல் அச்சேறிய ஒரு கடிதம் கூறுகிறது. அதற்கு முன்பே சிறிய அரையாடை இருந்தது என்று மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், தொன்றுதொட்டு மாறாதது என்று உலகம் எண்ணும் ஓர் ஆடையின் கதையில் ஓர் ஆலையும் அதன் தொழிலாளரும் இடம்பெறுகின்றனர் என்பது கருதத்தக்கது. தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஓசூர்-பர்கூர் வட்டாரத்து மக்களுக்கு இது விளங்காததன்று. வேலை மாறும்போது ஆடையும் மாறுகிறது.

அவ்வாடை ஏழையின் ஆடையாயிருந்த வரை யாரும் அதைப் பெரிதாய்ப் போற்றவில்லை. அது போற்றப்படுவதற்கு முன் தண்டிக்கப்பட்டது. 1745இல் நாடிழந்த ஸ்டூவர்ட் அரச மரபின் இளவரசர் சார்லஸ் மலைநாட்டில் வந்திறங்கிக் கலகக்கொடி ஏற்றினார். அவரோடு சேர்ந்த குலங்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். எப்பிஸ்கோப்பல் சபையாரும் இருந்தனர். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் களத்தில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். அதன் பின் வந்த சட்டம் ஆயுதங்களோடு நில்லாமல் ஆடையையும் பறித்தது. 1747 ஆகஸ்டு முதல் எந்த ஆணும், எந்தச் சிறுவனும் மலைநாட்டு உடை உடுத்தலாகாது. மீறினால் 6 மாதச் சிறை. மீண்டும் மீறினால் 7 ஆண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தன் தந்தை உடுத்திய துணியை ஒருவன் குற்றமின்றி உடுத்த வேண்டுமானால், அதைத் தடைசெய்த அரசுக்காகப் போரிடச் செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

பலர் சென்றனர். 1745இல் இளவரசர் பக்கம் நின்று போரிட்ட மெக்லியோடு பிரபு, பின்னர் மன்னிப்புப் பெற்று, அதே அரசுக்காக 1777இல் ஒரு மலைநாட்டுப் படையைத் திரட்டினார். அது 1780 தொடக்கத்தில் சென்னையில் வந்திறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதரின் படை ஆங்கிலப் படையொன்றை அழித்தபோது அப்பிரிவின் வீரர் பலர் மடிந்தனர். எஞ்சியோர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் வாடினர். அப்போதும் அவர்கள் ஊரில் தடைச்சட்டம் நடப்பிலேயே இருந்தது. நம் மண்ணில் விழுந்த அவ்வேழைகள், தங்கள் ஊர்த் தெருவில் படையாளாகவன்றிக் குடிமகனாக அவ்வுடையை உடுத்தி நடக்க உரிமையற்றவர்கள்.

1782இல் தடை நீக்கப்பட்டது. ஆனால் 35 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். உடுத்தத் தெரிந்தவர்கள் மூப்படைந்திருந்தனர். இளையவர்கள் கால்சட்டைக்குப் பழகியிருந்தனர். ஆடையை மீண்டும் ஆர்வத்தோடு எடுத்தவர்கள் நிலக்கிழார்களும் நகரத்துக் கனவான்களுமே. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, புதின ஆசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பை முன்னின்று நடத்தினார். மன்னரே கில்ட் உடுத்திக் காட்சியளித்தார். எந்த அரசமரபு அவ்வுடையைக் குற்றமாக்கியதோ, அதே அரசமரபின் இடையில் அது ஏறியது. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற முறையும் பெரும்பாலும் அக்காலத்தை ஒட்டியே வரையறுக்கப்பட்டது. நெடுங்கால மரபு என்று இன்று நாம் காண்பதில் ஒரு பகுதி அன்றைய ஏற்பாடே.

அந்த விழா நடந்த காலத்தில் அவ்வாடைக்குரிய மக்கள் என்ன ஆயினர்? ஆட்டு மந்தைகளால் வருவாய் மிகுதி என்று கண்ட நிலக்கிழார்கள் தங்கள் குடியானவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தனர். சதர்லாந்துப் பகுதியில் 1810களில் ஊர் ஊராக மக்கள் அகற்றப்பட்டனர். துணி அரண்மனைக்குச் சென்றது. அதை உடுத்தியவன் கப்பலேறினான்.

இவர்களோடு நடந்த ஒரு குருவானவரை நாம் நினைத்துப் பார்ப்பது தகும். அவர் கிளென்கரி கத்தோலிக்கரின் மேய்ப்பரான அருட்தந்தை அலெக்சாண்டர் மக்டோனெல். நிலம் இழந்த தம் மக்கள் பல நூறு பேருக்கு அவர் 1792ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ்கோ நகரின் பருத்தி ஆலைகளில் வேலை தேடித் தந்தார். கேலிக் மொழி தவிர வேறறியாத அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உடனிருந்தார். பிரான்சுடன் மூண்ட போரால் வாணிகம் முடங்கி ஆலைகள் ஆட்களை நீக்கியபோது, 1794இல் அவர்களைக் கொண்டு கிளென்கரி படைப்பிரிவு அமைய உழைத்தார். அதன் ஆன்ம குருவாகவும் ஆனார். 1802இல் அப்படை கலைக்கப்பட்டு மீண்டும் வேலையற்று நின்றபோது, கனடாவில் நிலம் பெற்றுத்தந்து 1804இல் அவர்களோடு தாமும் சென்றார். 1826இல் அங்குக் கிங்ஸ்டன் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். எடின்பரோ விழா ஆடையைக் காத்தது. இக்குருவானவர் ஆடைக்குரிய மனிதரைக் காத்தார். இரண்டும் ஒன்றல்ல.

இனி நம் பக்கம் திரும்புவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. ஊர் ஆநிரையைக் காக்க மடிந்த வீரர்கள் கையில் வில்லும் வாளும், இடையில் இறுக்கிக் கட்டிய அரையாடையுமாய் அக்கற்களில் நிற்கின்றனர். உழைப்பவனும் போரிடுபவனும் துணியை ஏற்றிக் கட்டுவது உலகப் பொதுவழக்கு என்பதற்கு அவை சான்று. நம் வேட்டியைத் தடைசெய்து எந்த அரசும் சட்டமியற்றவில்லை. அதை விலக்கியது சட்டமன்று. அலுவலகமும் பள்ளியும் ஆலையும் மெல்ல மெல்ல விலக்கின. சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி ஆபத்து என்பதை எந்த ஆலைத் தொழிலாளியும் அறிவான். அதற்காக யாரையும் குறைகூற இயலாது.

வேட்டிக்குப் பெருமை சேர்த்த நிகழ்ச்சிகளும் நம் மாநிலத்தில் உண்டு. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மதுரையில் தம் மேலாடைகளைத் துறந்து முழங்காலளவு அரையாடைக்கு மாறினார். ஏழைக்குக் கிட்டாத துணி தமக்கும் வேண்டாம் என்பதே அவர் கருத்து. பத்தாண்டுகள் கழித்து, 1931இல், அதே கோலத்தில் இலண்டன் அரண்மனைக்குச் சென்று மன்னரைக் கண்டார். 1822இல் ஒரு மன்னர் ஏழையின் உடையை விழாக்கோலமாக அணிந்தார். 1931இல் ஓர் ஏழைப் பங்காளர் அதை அன்றாட உடையாகவே அணிந்து மன்னர்முன் நின்றார். ஆடை ஒரே வகையானது, பொருள் வேறு.

2014 சூலையில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி உடுத்திச் சென்றதால் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தினுள் நுழைய விடப்படவில்லை. தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி முதலிய மரபு உடை உடுத்தியவரை மன்றங்கள் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் நீங்கும். அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 1991இல் பர்கூர்த் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டே முதன்முதல் முதல்வரானவர் என்பதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் அரையாடை உடுத்தியவன் சிறை சென்றான்; இங்கே அதைத் தடுப்பவன் சிறை செல்வான். நியாயமான மாற்றமே. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சட்டம் திறந்துவிட்ட வாயிலில் வேட்டியோடு நுழைபவர் யார்? நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் செல்வர்களும். பர்கூர்ச் சந்தையில் மூட்டை இறக்குபவன் உடுத்தும் கைலிக்கு எந்த மன்றமும் வாயில் திறக்கவில்லை. அதற்காக யாரும் கொதிக்கவும் இல்லை. உண்மையில், மலைநாட்டு ஏழையின் பழைய போர்வைக்கு இன்று நம்மிடையே நேரான உறவு பட்டு வேட்டியன்று, கைலிதான். கட்டம் போட்டது, வேலைக்கு மடித்துக் கட்டுவது, இரவில் விரித்தால் போர்வையாவது.

மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. வேட்டி எல்லாருக்கும் ஒரே மானத்தைத் தந்ததில்லை. மேலோர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட வேண்டும், தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்க வேண்டும் என்ற கொடுமை நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்டு, 1859இல்தான் அரச ஆணையால் அதைப் பெற்றனர். நம் திருச்சபை வரலாறும் இதற்கு விலக்கன்று. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி அடிகளார் காவியுடுத்தித் தமிழ் மரபோடு இயைந்ததையும், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அம்முறைக்கு இசைவளித்ததையும் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் சந்நியாசிக் கோலத்துக் குருவானவர் ஒடுக்கப்பட்டோரிடையே வெளிப்படையாகப் பழக இயலாததால், 1640 முதல் வேறு கோலத்தில் பண்டாரசுவாமிகள் என்ற தனிக் குருமார் தேவைப்பட்டனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மரபை மதித்த ஆடை, அம்மரபின் சுவரையும் தன்னோடு கொண்டுவந்தது.

ஆகவே ஓர் இளைஞன் கால்சட்டை அணிந்தால் அவன் பண்பாட்டைத் துறந்தான் என்று சொல்ல நாம் விரைதல் கூடாது. அவனுடைய பாட்டனுக்குத் தோளில் துண்டு போட உரிமை இல்லாதிருந்திருக்கலாம். யார் எதிரே வந்தாலும் அவிழ்க்க வேண்டாத, இறக்க வேண்டாத ஓர் உடை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் மானமே.

அவ்வாறெனில் வேட்டி வெறும் விழாக்கோலமாகி மறையட்டும் என்பதா? அன்று. கில்ட்டின் வரலாறு நமக்கு இருபுறமும் எச்சரிக்கிறது. அடக்குமுறையால் ஓர் ஆடையை அழிக்க இயலாது என்பது ஒரு பாடம். 1746ஆம் ஆண்டுச் சட்டம் இன்று ஏட்டில் மட்டும் இருக்கிறது. கில்ட்டோ ஸ்காட்லாந்தின் திருமணங்களிலும் விளையாட்டு விழாக்களிலும் இசைக்குழுக்களிலும் பெருமையோடு உலவுகிறது. போற்றுதலால் மட்டும் ஓர் ஆடையை வாழவைக்கவும் இயலாது என்பது மற்றொரு பாடம். அந்நாட்டில் அதை நாள்தோறும் உடுத்துவோர் இன்று மிகச் சிலரே. பெரும்பாலோர் ஒரு திருமணத்துக்கென வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தருகின்றனர். அங்கே ஆடை நிலைத்தது. ஆனால் அதை நெய்து உடுத்தி வாழ்ந்த வாழ்வும், அம்மக்கள் பேசிய கேலிக் மொழியும் மலைகளில் பெரிதும் மெலிந்துவிட்டன.

நம்மிடம் அவ்வாழ்வு இன்னும் முற்றிலும் மறையவில்லை. வேட்டி நெய்யும் தறிகள் இன்னும் ஓடுகின்றன. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிப் பொங்கல்தோறும் ஏழைகளுக்கு வேட்டி, சேலை வழங்கும் திட்டம், உடுத்துவோனுக்கு உடையும் நெய்வோனுக்கு வேலையும் ஒருங்கே தரவே ஏற்பட்டது. வேட்டியின் பெருமை பேசும் நாம், அதை நெய்தவனுக்குக் கூலி போதுமா என்று கேட்கிறோமா? அதைக் கட்டிக்கொண்டு வந்த கூலியாளை நம் வீட்டு நாற்காலியில் அமரச் சொல்கிறோமா? கைலியோடு மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் வரும் முதியவரிடம் நம் குரல் மாறாமல் இருக்கிறதா? வேட்டியின் எதிர்காலம் இக்கேள்விகளுக்கான விடைகளில்தான் இருக்கிறது; ஆண்டுக்கொருமுறை நாம் எடுக்கும் விழாக்களில் இல்லை.

ஒரு மக்களின் ஆடையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு அம்மக்களைக் கப்பலேற்றிய வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றின் படைவீரர்கள் கிருஷ்ணகிரி மலையடிவாரம் வரை வந்து, கம்பளியின் சுமை தாளாது அவ்வாடையையே துறந்து போயினர். அவர்கள் விட்டுச்சென்ற பாடத்தை நாம் எடுத்துக்கொள்வோம். உடுத்தியவனை மதிக்காத ஊரில் உடைக்கு எடுக்கும் விழா வெறும் விழாவே. உழைப்பவன் தான் உடுத்தியதோடு எந்த வாயிலிலும் கூசாமல் நுழையும் நாளில், அவன் இடையில் இருப்பது வேட்டியா, கைலியா, கால்சட்டையா என்று நாம் கேட்க வேண்டியிராது.